பதினொன்று இருபது

பதினெட்டு வருடமாக டாக்டர் மெய்கண்டன் எந்த நோயாளியின் நாடியையும் பிடித்ததில்லை. மாவட்டத் தலைநகரில் ஓர் அறையில் உட்கார்ந்து புள்ளிவிவரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தோராவது வயதில் அவரைத் தூக்கி, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டார்கள்.

முதல் நாள் காலையில் அவர் நேராக ஸ்டாஃப் நர்ஸ் ஜெசிந்தாவிடம் போய் நின்றார்.

"சிஸ்டர், எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

ஜெசிந்தாவுக்கு முப்பத்துமூன்று வயது. அங்கே ஒன்பது வருட அனுபவம்.

"டாக்டருக்கு நான் என்ன சார் சொல்லிக் குடுக்கறது" என்று சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஜெசிந்தா குரு, டாக்டர் சீடர்.

ஆனால் கேட்ட கேள்விக்கு ஜெசிந்தா வாயால் பதில் சொன்னது ரொம்பக் குறைவு.

ஒருமுறை டாக்டர் கேட்டார்: "நோயாளி பொய் சொல்றார்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

ஜெசிந்தா உள்ளே போய் ஒரு முக்காலியைத் தூக்கி வந்து டாக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். அதுவரை அங்கே நோயாளிகள் நின்றபடிதான் பேசுவார்கள்.

அடுத்து வந்த சர்க்கரை நோயாளி அதில் உட்கார்ந்தார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். "சாப்பிடறேங்க" என்றார் அவர். எழுந்து போக மனமில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "இல்லீங்க, ஒரு வேளைதான். இன்னொரு வேளை மாத்திரைய சம்சாரத்துக்குக் குடுத்துடறேன். அவளுக்கும் சர்க்கரை இருக்கு, இங்க வர வெக்கப்படறா" என்றார்.

டாக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இப்படி நாலு மாதம் போயிற்று.

தை மாதம், ஒரு திங்கட்கிழமை. சோளக்கதிர் ஒடிக்கிற காலம். வெளிநோயாளிகளின் வரிசை வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்றது. காலையிலேயே 108 ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டது. நாற்பத்தெட்டு கிலோமீட்டர். திரும்பி வர மத்தியானம் ஆகும்.

ஃப்ரிட்ஜில் பாம்புக்கடி மருந்து பத்துக் குப்பி இருந்தது. போன வாரம் மூன்று பேருக்குப் போட்டதுபோக மிச்சம். இன்னும் வேண்டும் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்; வந்து சேரவில்லை. பத்துக் குப்பி ஓர் ஆளுக்கு முதல் தவணை. இரண்டு பேருக்குப் பாதிப் பாதி பிரித்துக் கொடுக்கக்கூடிய மருந்து அல்ல அது.

பதினொன்று ஐந்துக்கு ஒரு கார் வாசலில் வந்து கிறீச்சிட்டு நின்றது.

ஆறேழு பேர் சேர்ந்து கான்ட்ராக்டர் ஆதிமூலத்தைத் தூக்கி வந்தார்கள். அந்த ஒன்றியத்தில் அவர் பெயர் பொறிக்காத பாலம் கிடையாது. பம்ப்செட் அறையில் சுவிட்சைப் போடக் கை நீட்டியபோது ஏதோ கடித்துவிட்டது. வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே, நாலைந்து கீறல். மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. பல் கிடுகிடுத்தது.

"ஊசியப் போடுங்க! பாத்துக்கிட்டே நிக்கறீங்களே!" என்று கத்தினான் குபேந்திரன். கான்ட்ராக்டரின் மைத்துனன்.

"என்ன பாம்பு?" என்று கேட்டார் டாக்டர்.

"பாம்புதாங்க! நீளமா இருந்துச்சு, ஓடிருச்சு!"

ஜெசிந்தா கையைத் தொட்டுப் பார்த்தார். வீக்கம் இல்லை. "ஐயா, கண்ணை நல்லாத் திறந்து மேல பாருங்க" என்றார். இமைகள் சரியாக உயர்ந்தன; நல்லபாம்பு விஷம் ஏறியிருந்தால் இமை சரிந்துவிடும். பிறகு கொஞ்சம் ரத்தம் எடுத்து, காய்ந்த ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசைமேல் இருந்த தாங்கியில் நிறுத்தினார். ஒரு காகிதத்தில் 11.10 என்று எழுதிப் பக்கத்தில் வைத்தார்.

"யாரும் இந்த மேசையத் தொடாதீங்க. இருபது நிமிஷம். ரத்தம் உறைஞ்சா விரியன் விஷம் ஏறலைன்னு அர்த்தம். உறையலைன்னா மருந்து போடணும்."

"இருபது நிமிஷமா? ஆளு செத்த பொறவு போடுவீங்களா?" என்று குபேந்திரன் மேசைப் பக்கம் பாய்ந்தான். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

டாக்டரின் செல்போன் அடித்தது. மேலதிகாரி.

"மெய்கண்டன், வந்திருக்கறது யாருன்னு தெரியும்ல?"

"தெரியும் சார்."

"மருந்து இருக்குல்ல?"

"இருக்கு சார். ஆனா டெஸ்ட் இன்னும்…"

"போட்டுடுங்க. எதுக்கு வம்பு? உங்க திருச்சி மாறுதல் ஃபைல் என் மேசைலதான் கிடக்கு. நான் பாத்துக்கறேன்."

திருச்சிக்கு வேலை மாறிப்போன டாக்டரின் மனைவி அங்கே இரண்டு வருடமாகத் தனியாக இருந்தார். டாக்டர் போனைப் பையில் போட்டுக்கொண்டு ஜெசிந்தாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"போட்டுடலாமா சிஸ்டர்? போட்டா என்ன கெடுதல்?"

ஜெசிந்தா அவசர மருந்துத் தட்டைத் திறந்தார். ஒரு சிறு ஊசியில் அட்ரினலின் ஏற்றி, மூடி போட்டு, டாக்டரின் கையில் வைத்தார்.

"இதைத் தயாரா வச்சுக்கிட்டுத்தான் சார் அதைப் போடணும். அந்த மருந்து சில பேருக்கு ஒத்துக்காது. மூச்சையே நிறுத்திடும்."

டாக்டர் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்போது வெளியே ஒரு டூவீலர் சரிந்து விழுந்த சத்தம் கேட்டது.

"சிஸ்டரம்மா! சிஸ்டரம்மா!"

செங்கமலை ஓடி வந்தார். கூலிக்குச் சோளம் ஒடிக்கிறவர். தோளில் மனைவி பவுனம்மாள். யாரோ வண்டி ஓட்ட, மனைவியை நடுவில் உட்கார வைத்துப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"கண்ணாடி விரியன் சிஸ்டரம்மா. என் கண்ணால பாத்தேன். முக்கா மணி நேரம் ஆச்சு. வண்டி கெடைக்கல!"

பக்கத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். இடது கால் முழங்கால் வரை வீங்கி மினுமினுத்தது. பவுனம்மாள் வாயைத் துடைத்துக்கொண்ட முந்தானை முழுக்க ரத்தம். ஜெசிந்தா உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறிலிருந்து கசிந்துகொண்டே இருந்தது.

இன்னொரு குழாயில் ரத்தம் எடுத்து வைத்தார். 11.15.

இரண்டு கட்டில்கள். நடுவில் ஒரு சிறு மேசை. ஜெசிந்தா ஃப்ரிட்ஜைத் திறந்து பத்துக் குப்பிகளையும் எடுத்து வந்து அந்த மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் குரலைத் தாழ்த்தி வேகமாகப் பேசினார்.

"சிஸ்டர், அவரோட ட்யூப் இன்னும் முடியலை. இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. இப்ப இந்தம்மாவுக்குப் போட்டுட்டு, அப்புறம் அவர் ரத்தம் உறையலைன்னா? கையில ஒண்ணுமே இருக்காது. நான் என்ன பதில் சொல்வேன்? கொஞ்சம் பொறுத்து, ரெண்டு ட்யூபையும் பாத்துட்டு…"

ஜெசிந்தா ஒரு பஞ்சுத் துணியை எடுத்து டாக்டரின் விரல்களுக்கு இடையில் வைத்தார். அந்தக் கையை அப்படியே பிடித்துக் கொண்டுபோய் பவுனம்மாளின் ஈறில் அழுத்தினார்.

"பிடிச்சுக்குங்க சார்."

டாக்டர் பிடித்துக்கொண்டார். துணி நனைந்தது. இன்னொன்று வாங்கி வைத்து அழுத்தினார். அதுவும் நனைந்தது. பவுனம்மாள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தார். வாயில் விரல் இருந்ததால் பேச முடியவில்லை.

மூன்றாவது துணியை டாக்டர் கேட்கவில்லை.

"மருந்தைக் கலக்குங்க சிஸ்டர். இந்தம்மாவுக்கு."

அறை கொந்தளித்தது.

"யோவ்! எங்க மாமா மொதல்ல வந்தாரு!" குபேந்திரன் குப்பிகளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஆமா, மொதல்ல வந்தாரு" என்றார் டாக்டர். குரல் எல்லோருக்கும் கேட்டது. "விஷம் இந்தம்மாவுக்குத்தான் மொதல்ல ஏறியிருக்கு. தள்ளு."

அதற்குள் ஜெசிந்தா செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். அடுத்த சுகாதார நிலையம். "பத்துக் குப்பி எடுத்து வாசல்ல வைங்க. கார் வருது. ஆமா, இப்பவே." பேசி முடித்ததும் ஓர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக் குபேந்திரனின் கையில் திணித்தார்.

"பதினாறு கிலோமீட்டர். உங்க கார்தான் இங்க வேகமான வண்டி. உங்க மாமாவுக்குத் தேவைப்பட்டா இந்த மருந்துதான். இங்க நின்னு கத்தறதுக்கு நிறைய ஆள் இருக்காங்க. அந்தக் காரை ஓட்ட வேற யாராவது இருக்காங்களா?"

குபேந்திரன் பெட்டியைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். அடுத்த நொடி கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

மருந்து பொடியாக இருந்தது. ஒவ்வொரு குப்பியிலும் தண்ணீர் ஏற்றிக் கரைக்க வேண்டும். டாக்டர் ஒரு குப்பியை எடுத்துப் படபடவென்று ஆட்டினார்.

"குலுக்கக் கூடாது சார், நுரை கட்டிடும். உள்ளங்கைல வச்சு உருட்டுங்க."

இரண்டு பேரும் நின்றபடி உருட்டினார்கள். ஆளுக்கு ஐந்து. வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லாரும் ஜன்னலை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒரு கிழவர் ஒவ்வொரு குப்பியாக எண்ணிக்கொண்டிருந்தார். "எட்டு… ஒம்போது…"

பதினொன்று இருபதுக்குப் பவுனம்மாளின் கையில் மருந்து இறங்கத் தொடங்கியது.

இனி அந்த முதல் குழாய்க்குப் பத்து நிமிடம்.

கான்ட்ராக்டரின் பல் கிடுகிடுப்பு நின்றிருந்தது. கட்டிலில் படுத்தபடி, தலையை மட்டும் திருப்பி, தன் ரத்தம் நிற்கிற குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரும் அதையேதான் பார்த்தார். ஒரு கண் சொட்டுச் சொட்டாக இறங்குகிற மருந்தில், ஒரு கண் குழாயில்.

"என்னம்மா சொல்லுது அது?" என்று கான்ட்ராக்டர் சின்னக் குரலில் கேட்டார்.

"இன்னும் யோசிக்குதுங்க ஐயா" என்றார் ஜெசிந்தா.

பதினொன்று இருபத்தைந்து. இருபத்தெட்டு. டாக்டரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உறையாவிட்டால்? குபேந்திரன் திரும்பி வர இன்னும் அரைமணி நேரமாவது ஆகும். அந்த அரைமணி நேரம் இந்த மனிதரின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

பதினொன்று முப்பது.

"நீங்களே எடுங்க சார்."

டாக்டர் குழாயை எடுத்தார். மெதுவாகச் சாய்த்தார். ரத்தம் அசையவில்லை. இன்னும் சாய்த்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். கட்டித் தயிர்போல அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

"உறைஞ்சிடுச்சு!" என்று டாக்டர் கத்தினார். "உறைஞ்சிடுச்சுய்யா!"

ஜன்னலுக்கு வெளியே கைதட்டினார்கள். கான்ட்ராக்டர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஐந்து நிமிடம் கழித்துப் பவுனம்மாளின் குழாயைச் சாய்த்தார்கள். ரத்தம் தண்ணீராக ஓடி விளிம்புக்கு வந்தது. அதைப் பார்த்ததும் செங்கமலை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் எழுந்திருப்பதற்குள் பவுனம்மாளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. குளிர் ஜுரம் வந்தவர்போல நடுங்கினார். கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது. மூச்சு விசிலடித்தது.

"சார்!" என்று ஜெசிந்தா திரும்பியபோது டாக்டர் ஏற்கெனவே மருந்துக் குழாயை அடைத்திருந்தார். அட்ரினலின் ஊசியின் மூடி தரையில் கிடந்தது. தொடையில் ஊசி இறங்கிவிட்டது. ஒரு கை நாடியில், ஒரு கை ஆக்சிஜன் முகமூடியில்.

"மூச்சை இழுங்கம்மா. என்னைப் பாருங்க. இழுங்க. அப்படித்தான்."

இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். விசில் மெல்ல மெல்ல இறங்கியது. தடிப்பு மங்கியது. பவுனம்மாள் முகமூடிக்குள்ளிருந்து, "தண்ணி" என்றார்.

டாக்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சிஸ்டர், என் கைக்கு மறக்கலை! பதினெட்டு வருஷம், கைக்கு மறக்கலை!"

"பாத்தேன் சார்" என்றார் ஜெசிந்தா. அவர் கண்ணிலும் ஈரம் இருந்தது. "நிறுத்தின மருந்தை இப்ப மெதுவாத் திறந்து விடுங்க. இன்னும் முக்கால்வாசி இருக்கு."

பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது குபேந்திரன் ஐஸ் பெட்டியோடு ஓடி வந்தான். மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லடா. ஏதோ சாரை போலருக்கு."

குபேந்திரன் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றான். அவ்வளவு வேகமாக ஓட்டி வந்ததை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவன்போல இருந்தான். அப்புறம் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான்.

"அந்தம்மாவுக்கு இன்னும் வேணுமா?"

"வேணும்" என்றார் ஜெசிந்தா. "பெரியாஸ்பத்திரிக்கும் போகணும். ஆம்புலன்ஸ் இன்னும் வரலை."

"கார் இருக்கு" என்றான் குபேந்திரன். மாமாவின் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

மருந்து முழுவதும் இறங்கியதும் பின் இருக்கையில் பவுனம்மாளைக் கிடத்தினார்கள். செங்கமலை மனைவியின் காலை மடியில் வைத்துக்கொண்டார். ஜெசிந்தா முன்னால் ஏறினார். ஐஸ் பெட்டியும் கூடப் போயிற்று.

கான்ட்ராக்டருக்கு இன்னும் இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு முறையும் உறைந்தது. சாயங்காலம் அவரைக் கூட்டிப்போக வேறு வண்டி வந்தது. போகும்போது அவர் டாக்டரின் அருகில் நின்றார்.

"நான் பயந்து கிடந்தேன். என் கண்ணு முன்னாலயே மருந்த எடுத்து வேற ஆளுக்குப் போட்டீங்க. அத நான் மறக்க மாட்டேன்."

டாக்டர் வண்டி வரைக்கும் கூடப் போனார்.

ஐந்தரை மணிக்கு ஜெசிந்தா திரும்பி வந்து கைகழுவிக்கொண்டிருந்தபோது செங்கமலையின் போன் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

"சிஸ்டரம்மா! இப்பத்தான் பாத்தாங்க! உறைஞ்சிருச்சாம்! டாக்டரய்யா கிட்டச் சொல்லுங்க, உறைஞ்சிருச்சாம்!"

டாக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார். மருந்தாளுனர், துப்புரவு செய்கிற அம்மா, எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். கடையிலிருந்து எல்லாருக்கும் டீ வரவழைத்தார்.

டீ ஆறுவதற்குள் மேலதிகாரி கூப்பிட்டார். குரலில் களைப்பு இருந்தது.

"புகார் வந்திருக்கு மெய்கண்டன். ரிசல்ட் தெரியறதுக்கு முன்னாலேயே இருந்த மருந்தையெல்லாம் இன்னொருத்தருக்குப் போட்டுட்டதா. நான் அப்படி இருக்காதுன்னு சொல்லியிருக்கேன். அவர் ரத்தம் உறைஞ்ச அப்புறம்தானே அந்தம்மாவுக்கு ஆரம்பிச்சீங்க?"

டாக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்படித்தான் இருந்திருக்கும். ரிஜிஸ்டரை எழுதி, நாளைக் காலையில ஒரு நகல் அனுப்புங்க. உங்க ஃபைலையும் முடிச்சுடலாம்."

போன் அணைந்தது.

டாக்டர் பாம்புக்கடி ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டார். பெயர், வயது, ஊர், கடிபட்ட இடம். எல்லாம் எழுதினார். மருந்து தொடங்கிய நேரம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

ஜெசிந்தா காலையில் பயன்படுத்திய குழாய்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், பன்னெண்டு நிமிஷம்தான். இருபதுங்கற இடத்துல முப்பத்திரண்டுன்னு எழுதிட்டா எல்லாம் முடிஞ்சுது."

ஜெசிந்தா திரும்பினார்.

"அந்தம்மா பொழைச்சிட்டாங்க. அவரும் நல்லா இருக்கார். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லையே?"

"இல்லை சார்."

"நாம செஞ்சது சரிதானே?"

"சரிதான் சார்."

"சரியாச் செஞ்சதுக்கு நான் எதுக்கு விசாரணைக்குப் போய் நிக்கணும்?"

ஜெசிந்தா மேசைக்கு வந்தார். ரிஜிஸ்டரின் பக்கங்களைப் புரட்டினார். போன வாரம், போன மாதம், போன வருடம் என்று பழைய டாக்டர்களின் கையெழுத்துகள். பிறகு முன்னால் புரட்டி, இன்னும் ஒன்றும் எழுதாத வெள்ளைப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"ஒருநாள் நீங்க போயிடுவீங்க சார். நானும் போயிடுவேன். இங்க வேற டாக்டர் இருப்பார். பத்துக் குப்பிதான் இருக்கும். ரெண்டு பேர் படுத்திருப்பாங்க. யாரைக் கேக்கறதுன்னு தெரியாம, இதை எடுத்துப் பாப்பார்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க பொறுத்திருந்தீங்கன்னு இதுல இருந்தா, அவரும் பொறுத்திருப்பார் சார்."